மாத்திரைக் கம்பெனி வேலையா, ஊரில் மரவள்ளி யூனிட்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆத்தூர்_மேட்டுக்காடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம் மாவட்டம், ஆத்தூர் பக்கம். உணவுத் தொழில்நுட்பம் பி.டெக். கடைசி வருஷம் படிக்கிறேன். எங்களுக்கு மரவள்ளிக் காடு இருக்கு. முள்ளுவாடி, குங்கும ரோஸ் ரெண்டு ரகமும் போடுவோம். வருஷா வருஷம் கிழங்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குத்தான் போகுது. பிடுங்கின ரெண்டு நாளுக்குள்ள அரைக்கலைன்னா உள்ளே கருத்துடும். அதனால லோடு உள்ளே போனதுக்கப்புறம் ஆலையில என்ன பாயிண்ட் (கிழங்குல உள்ள மாவுச்சத்தோட அளவு) சொல்றாங்களோ அதுதான் எங்களுக்கு விலை. அப்பாவுக்குப் பேரம் பேச வழியே கிடையாது.

இப்ப எனக்கு ரெண்டு வழி தெரியுது. ஹைதராபாத்ல ஒரு மருந்துக் கம்பெனியில தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுல பயிற்சி வேலை கிடைச்சிருக்கு. வீட்ல மாமா, "வெளியூர் எதுக்கு, குறு உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கு மத்திய அரசு 35 சதவீதம் மானியம் தருது, 10 லட்சம் வரைக்கும் கிடைக்கும், இங்கயே சிப்ஸ், வத்தல், மரவள்ளி மாவுன்னு ஒரு யூனிட் போடு"ங்கறார்.

வேலையை மட்டும் வெச்சு நான் கேட்கலை. இந்தியா உலகத்துக்கே மருந்து அனுப்புதுன்னு சொல்றாங்க. இவ்வளவு விளையிற நாட்டுல உணவுப் பதப்படுத்தல் மட்டும் ஏன் அந்த அளவுக்கு வரலை? எங்க ஊர்ல ஆலைகள் இருக்கறது தாத்தா காலத்துலேர்ந்து. ஆனா இன்னிக்கும் அதே ஜவ்வரிசி, அதே மாவு மூட்டை. இது புரிஞ்சா நான் எங்க போகணும்னு தெரிஞ்சுடும்னு தோணுது.

---

பழைய_ஆய்வகத்தான் பதில்:

தம்பி, நல்ல கேள்வி. நான் வேலையைத் தொடங்கினது சேலத்துல ஒரு ஸ்டார்ச் ஆலையில. அப்புறம் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில ஒரு மாத்திரைக் கம்பெனிக்குப் போய் அங்கேயே ஓய்வு பெற்றேன். ரெண்டு இடத்துலயும் ஆய்வக மேசைதான் எனக்கு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

"மருந்து படிச்சவன் தொழில், உணவு பாமரன் தொழில், அதான் வித்தியாசம்"னு பலர் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். சுதந்திரம் வந்த சமயத்துல நம்ம மருந்துத் தொழிலும் தவழ்ந்துக்கிட்டுத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் போட்ட 1911 காப்புரிமைச் சட்டம் 16 வருஷத்துக்கு ஒரு மருந்தை ஒரே கம்பெனி கையில வெச்சிருக்க விட்டது. அமெரிக்க செனட்ல கெஃபாவர் தலைமையில நடந்த விசாரணையே, சில ஆன்டிபயாடிக்குகளுக்கு உலகத்துல மிக அதிக விலை கொடுக்கற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணுன்னு சொல்லிச்சு. ஏழை நாடு, விலை மட்டும் உச்சம்.

அதை மாத்தினதுல நம்ம பக்கத்துக்காரர் ஒருத்தருக்குப் பெரிய பங்கு இருக்கு. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959ல கொடுத்த அறிக்கைதான் 1970 காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். 1972ல அது அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்துல நீங்க கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. 2005ல மாத்தற வரைக்கும் அதுல மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யற முறைக்குத்தான் இருந்தது, அதுவும் அதிகபட்சம் 7 வருஷம். அந்தச் சலுகை மருந்துக்கு மட்டும் இல்லை. உணவுக்கும் அதே பிரிவு, அதே வார்த்தை. ரெண்டுக்கும் ஒரே நாள்ல ஒரே கதவைத் திறந்து விட்டாங்க. மருந்து அந்த வழியா ஓடிச்சு. உணவு ஓடலை. அப்ப சட்டம் மட்டும் காரணம் இல்லைன்னு ஆகுதா?

மருந்துக்கு அந்தக் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே ஆட்கள் தயாரா இருந்தாங்க. புனே பக்கம் பிம்ப்ரியில 1954லயே அரசு பென்சிலின் ஆலை. 1961ல ஐ.டி.பி.எல்.ங்கற அரசு மருந்துக் கம்பெனி ஆரம்பிச்சு, சோவியத் உதவியோட ஹைதராபாத்ல மூலப்பொருள் மருந்து, ரிஷிகேஷ்ல ஆன்டிபயாடிக், நம்ம சென்னை நந்தம்பாக்கத்துல அறுவை சிகிச்சைக் கருவி. இன்னிக்கு ஹைதராபாத்ல உங்களுக்கு வேலை இருக்குன்னா அதுக்கு வேர் அங்கதான். அந்த ஐ.டி.பி.எல்.ல வேலை கத்துக்கிட்டு வெளிய வந்தவங்க ஆளாளுக்குக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. டாக்டர் ரெட்டீஸ் தொடங்கின அஞ்சி ரெட்டி அதுல ஒருத்தர். அரசு ஆலை பிற்பாடு நொடிஞ்சு போச்சு, அதைப் பார்த்து அந்த முதலீடு வீண்னு பேசறாங்க. எனக்குக் கோபம் வரும். அது கொடுத்த ஆட்களை எந்தக் கணக்குல எழுதறது?

அதோட பலன் 2001ல தெரிஞ்சது. எய்ட்ஸுக்கு மூணு மருந்து சேர்ந்த சிகிச்சைக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல ஆகிட்டிருந்த காலம். சிப்லா மருந்துக் கம்பெனியோட தலைவர் ஹமீத், ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவா, வருஷத்துக்கு 350 டாலருக்குத் தரேன்னு எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்குச் சொன்னார். அந்த மாதிரி மருந்துகளை இங்கயே செய்யற வழியை ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி. மாதிரி அரசு ஆய்வகங்கள் முன்னாடியே கண்டுபிடிச்சுக் கொடுத்திருந்தது. ஆப்பிரிக்காவுல எத்தனையோ வீடுகள்ல அப்பா அம்மா உயிரோட இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். இந்தத் தொழில்ல வேலை பார்த்தேன்னு நான் பெருமைப்படறது அதனாலதான்.

இப்ப உங்க பக்கம் வரேன். உணவுக்கு ஆய்வகம் இல்லாம இல்லை. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. 1950லயே வந்தாச்சு. எருமைப் பால்ல குழந்தை உணவு செய்ய முடியாதுன்னு வெளிநாட்டுக்காரங்க சொன்னபோது, செய்ய முடியும்னு காட்டினதே அவங்கதான். அந்த முறையை எடுத்துக்கிட்டு ஓடினது யாரு? ஆனந்த் பால் சங்கம், அமுல். 1946ல விவசாயிகளே சேர்ந்து ஆரம்பிச்சது. அங்க ஊர்ச் சங்கத்துல பால் ஊத்தும்போதே கொழுப்பைச் சோதிச்சு, ஊத்தினவருக்குக் கணக்கைக் கொடுத்துடறாங்க. உங்க அப்பா லோடை ஆலைக்குள்ள விட்டுட்டு பாயிண்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கறார். இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க.

சேலத்துல ஜவ்வரிசி வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்துல, 1943 வாக்குல. மலேயாவுலேர்ந்து சேகோ வரத்து நின்னு போச்சு. மாணிக்கம் செட்டியார்ங்கற வியாபாரியும், பினாங்குல இந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்குல செஞ்சு பார்த்தாங்க. அந்தத் துணிச்சல் லேசுப்பட்டது இல்லை. 1981ல சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, உற்பத்தியாளர்களுக்குக் கிடங்கும் ஏல விற்பனையும் கிடைச்சது. எல்லாம் சரி. ஆனா அந்த ஜவ்வரிசியைச் சாப்பிடறது பெரும்பாலும் மகாராஷ்டிரம், குஜராத், வங்காளம் பக்கம், விரத நாள் கிச்சடிக்கு. அங்க மொத்த வியாபாரி மூட்டையைப் பிரிச்சுப் பார்க்கறது ஒண்ணே ஒண்ணு: வெள்ளையா இருக்கா? வெள்ளைக்கு விலை கூட. அப்ப ஆலைக்காரர் கையில பணம் வந்தா எதுல போடுவார்? வெளுக்கறதுலதான். ரசாயனம் போட்டு வெளுத்தாங்க, மக்காச்சோள மாவைக் கலந்தாங்கன்னு அதிகாரிகள் சோதனை போடற செய்தி வருதே, அது எங்கேர்ந்து தொடங்குதுன்னு பாருங்க. வாங்கறவன் எதுக்குக் காசு கொடுக்கறானோ, ஆலை அதைத்தான் செய்யும்.

நான் பக்கத்துல நின்னு பார்த்த ஒண்ணு சொல்றேன். நான் இருந்த ஸ்டார்ச் ஆலை மாத்திரைக்கு மாவு விற்கலாம்னு முயற்சி பண்ணிச்சு. மாத்திரை உதிராம பிடிச்சு நிக்கவும், வயித்துக்குள்ள போனதும் கரைஞ்சு பிரியவும் ஸ்டார்ச் வேணும். பெரும்பாலும் மக்காச்சோள ஸ்டார்ச்தான் போடறாங்க, ஆனா மரவள்ளியும் ஆகும். மாதிரி அனுப்பினோம், திரும்பி வந்தது. இரும்பு அதிகம், நுண்ணுயிர் அதிகம். இரும்பு வந்தது போர்த் தண்ணியிலேர்ந்தும் கிழங்கைத் துருவற ராஸ்பர் துருப்பிடிச்சதுலேர்ந்தும். நுண்ணுயிர் வந்தது மாவு படியற தொட்டியிலேர்ந்தும் திறந்த களத்துல காயப்போடறதுலேர்ந்தும். கிழங்குல ஒரு குறையும் இல்லை. தண்ணியைச் சுத்திகரிச்சு, எவர்சில்வர் ராஸ்பர் போட்டு, மூடின உலர்த்தி வாங்கியிருந்தா அந்த மாவு பல மடங்கு மதிப்புக்குப் போயிருக்கும். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டார். ஜவ்வரிசிக்கு அதெல்லாம் யாரும் கேட்கலையே, எதுக்கு அந்தச் செலவு? அவர் கெட்டவர் இல்லை. அவரைக் கேட்கற ஆள் இல்லை.

மாத்திரைக் கம்பெனியில எங்களைக் கேட்க ஆள் இருந்தது. வெளிநாட்டுக்குச் சரக்கு போகணும்னா அந்த நாட்டு அதிகாரி வந்து என் பதிவேட்டைத் திறப்பார். எந்த டிரம், யார் மாதிரி எடுத்தது, எந்தக் கருவி, அந்தக் கருவியை எப்ப சரிபார்த்தது, எல்லாம் கேட்பார். அந்தக் கேள்விதான் இந்தத் தொழிலை வளர்த்தது.

அதே சமயம் மருந்துன்னா எல்லா இடமும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. அந்தக் கேள்வி எட்டாத மூலைகள் இன்னும் இருக்கு. 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல குழந்தைகள் இறந்தாங்களே, அந்த இருமல் சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாத டை எத்திலீன் கிளைகால்ங்கற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. இருபதுக்கும் மேல குழந்தைங்க. அந்தச் செய்தி வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இந்த விஷம் கலந்து வரக்கூடியது சிரப்புக்குப் போடற புரொப்பிலீன் கிளைகால்ங்கற கரைப்பான்ல; அந்த டிரம் வந்ததும் மாதிரி எடுத்துச் சோதிக்கணும்ங்கறது புது விதி இல்லை, எப்பவோ உள்ள விதி. 1986ல மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில இதே விஷத்தால சாவு, 2022ல காம்பியாவுல குழந்தைகள். இன்னும் எத்தனை தரம்?

அதனால என் பார்வையில மருந்தா உணவாங்கறது ரெண்டாம் கேள்விதான். எந்த ஆலையில சரக்கைச் சோதிச்சுட்டு வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளுக்கு அதிகாரம் இருக்கோ, அங்க தொழில் வளரும்.

---

பெங்களூரா_மாம்பழம் பதில்:

பெரியவர் சொன்னதுல சோதனை பற்றிய பகுதியை நான் அப்படியே ஏத்துக்கறேன். ஆனா உணவுப் பக்கம் கேட்க ஆளே இல்லைங்கறது சரியில்லை. நான் கிருஷ்ணகிரியில மாங்கூழ் ஆலையில இருக்கேன். எங்க சரக்கு சவூதி, ஏமன், நெதர்லாந்துன்னு போகுது. பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), அமிலம், பூச்சிமருந்து மிச்சம் எல்லாம் பார்த்துத்தான் 215 கிலோ டிரம்ல அடைச்சு சீல் வைக்கிறோம். ஒரு தப்பு வந்தா கன்டெய்னரே திரும்பும்.

எங்களை அமுக்கறது வேற. பெங்களூரா, அல்போன்சா ரக மாம்பழம் வர்றது மே கடைசியிலேர்ந்து ரெண்டு மூணு மாசம். கோடிக்கணக்குல போட்ட இயந்திரம் மிச்ச மாசமெல்லாம் சும்மா நிக்குது, வட்டி மட்டும் ஓடுது. மாத்திரைக் கம்பெனிக்கு ஜனவரியும் ஒண்ணு ஜூனும் ஒண்ணு, மூலப்பொருள் டிரம்ல வருது. எங்களுக்கு மூலப்பொருள் மரத்துல வருது. மகசூல் அதிகமானா விவசாயி சாலையில பழத்தைக் கொட்டறார், குறைஞ்சா ஆலை காயுது. தம்பி, யூனிட் போடறதா இருந்தா பன்னிரண்டு மாசமும் ஓட்டறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்குன்னு முதல்ல எழுதிப் பாருங்க. மரவள்ளியில காஞ்ச சிப்ஸ், மாவுன்னு வெச்சு ஓட்ட வழி இருக்கு, எங்க மாம்பழத்தைவிட உங்களுக்கு அந்த வசதி நல்லாவே உண்டு.

---

மூலனூர்_செங்காந்தள் பதில்:

நானும் ஒண்ணு சொல்லிக்கிறேனுங்க. நாங்க மூலனூர் பக்கம், கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்) போடறோம். கம்பி கட்டி கொடி ஏத்தி, காலையில பூவுக்குப் பூ கையால மகரந்தம் தொட்டு வெச்சாத்தான் காய் பிடிக்கும். கிழங்கு, விதை எல்லாமே விஷம், பிள்ளைங்களைக் காட்டுப் பக்கமே விடமாட்டோம். அந்த விதையிலிருந்துதான் கோல்சிசின் எடுத்து மூட்டுவீக்க மாத்திரை பண்றாங்கன்னு சொல்றாங்க.

எங்களுக்கு விலையை வியாபாரி சொல்றதுதானுங்க. ஒரு வருஷம் ஏறி நிக்கும், அடுத்த வருஷம் பாதிக்கும் கீழே போயிரும். அரசாங்கம் விலை வெக்கணும்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. உலகத்துக்கே மருந்து பண்ற நாடு, மருந்துச் செடி இந்த மண்ணுல வெளையுது, நடுவுல நாங்க மட்டும் விதையை மூட்டையில கட்டி வீட்ல வெச்சுக்கிட்டு விலை ஏறுமான்னு பாத்துட்டு இருக்கோமுங்க. இதையே இங்க பதப்படுத்த ஒரு ஆலை வந்தா என்னங்க? பெரியவர் சொன்னா நல்லாயிருக்கும்.

---

பழைய_ஆய்வகத்தான் பதில்:

மாம்பழத் தம்பி, நீங்க சொன்னது நியாயம். பருவம்ங்கற சுமையை நான் தொடவே இல்லை. உங்க ஆலை மாதிரி ஏற்றுமதிக்குப் போற இடங்கள்ல சோதனை இருக்கு. நான் சொன்னது உள்நாட்டுக்கு விக்கற பெரும்பான்மையைப் பத்தி.

அம்மா, உங்க கேள்வி ரொம்ப முக்கியமானது. கோல்சிசின் பிரிக்கற ஆலையைச் சின்ன அளவுல ஆரம்பிக்கச் சொல்ல மாட்டேன். கரைப்பான் தீப்பிடிக்கற சமாசாரம், பிரிச்செடுக்கற பொருள் மில்லிகிராம் கணக்குல ஆளைக் கொல்லும், மருந்து உரிமம் வேணும், கழிவை எங்க விடறதுங்கறது அடுத்த தலைவலி. ஆனா அதுக்கு ஒரு படி முன்னாடி உங்களால நிக்க முடியும். இப்ப நீங்க கிலோவுக்கு விக்கறீங்க. வாங்கறவங்களுக்கு வேண்டியது கிலோ இல்லை, அந்த விதைக்குள்ள கோல்சிசின் எத்தனை சதவீதம்ங்கறதுதான். அந்த எண் அவங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. விவசாயிகள் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனியா நின்னு, நல்லா காய வெச்சு, ஒவ்வொரு லாட்டுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துல சோதனைச் சான்று வாங்கி, அதைக் காட்டி விலை பேசுங்க. விலை உடனே ஏறும்னு நான் வாக்குக் கொடுக்கலை. ஆனா பேச்சு வேற மாதிரி நடக்கும்.

அப்புறம் இந்த நடு இடைவெளி பெரிய கம்பெனிகளுக்கும் இருக்கு. மாத்திரை செய்யறதுல நாம கெட்டிக்காரங்க, ஆனா அதுக்குள்ள போற மூலப்பொருள் மருந்துல இறக்குமதி ஆகறதுல பெரும்பகுதி சீனாவுலேர்ந்து. ஒரு காலத்துல இங்கயே பென்சிலின் காய்ச்சினோம், விலைப் போட்டியில அந்த ஆலைகள் மூடிப் போச்சு. 2020ல 6,940 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது அதை மீட்கத்தான். விதை இங்க, மாத்திரை இங்க, நடுவுல இருக்கற ரசாயனம் வெளியே. இதை விட்டுடக் கூடாதுங்கறது என் ஆதங்கம்.

---

ஆத்தூர்_மேட்டுக்காடு பதில்:

ரொம்ப நன்றிங்க ஐயா, அக்கா, அண்ணா. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். பாயிண்ட் பத்தி எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். ஐயா, நேரடியாவே கேட்கறேன், நான் இப்ப ஹைதராபாத் போகட்டுமா? போனா அங்க எதைக் கத்துக்கணும்? பாயிண்டை நாங்களே வீட்ல பார்த்துக்க வழி இருக்கா?

---

பழைய_ஆய்வகத்தான் பதில்:

போங்க. மானியம் எங்கயும் ஓடிடாது. ஓடினாலும் இன்னொரு பேர்ல வரும். கைப்பழக்கம் அப்படி வராது.

அங்க பெரிய கருவியில உட்கார எல்லாரும் போட்டி போடுவாங்க. நீங்க முதல்ல மூலப்பொருள் கிடங்குல மாதிரி எடுக்கற வேலையைக் கேட்டு வாங்குங்க. டிரம்மைத் திறக்கறது, மேல நடுவுல அடியிலன்னு எடுக்கறது, சீட்டு ஒட்டறது. தண்ணீர்ச் சோதனை, நுண்ணுயிர்ச் சோதனை ரெண்டையும் விடாதீங்க, உங்க மாவு யூனிட்டுக்கு நாளைக்கு உதவப் போறது அதுதான். சரக்கை நிராகரிச்சு எழுதின அறிக்கைகளைத் தேடிப் படிங்க. மேலதிகாரி "போனாப் போகுது, பாஸ் போடு"ன்னா போடாதீங்க. அதுல வேலை போனாலும் பரவாயில்லை, எனக்கு எழுதுங்க, வேற இடம் தெரிஞ்சவங்ககிட்ட சொல்றேன்.

லீவுக்கு வரும்போது தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. முன்னாடி ஐ.ஐ.எஃப்.பி.டி.ன்னு இருந்தது, இப்ப நிஃப்டெம். மரவள்ளியில வேற ரகம் வேணும்னா திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்க. நம்ம ஆலைகள்ல ஓடற எச்-226 ரகமெல்லாம் அவங்க கொடுத்ததுதான். சாப்பாட்டுக்கு மாவு செய்யறதா இருந்தா கசப்பு ரகத்தைத் தள்ளி வையுங்க, அதுல சயனைடு சத்து கூட.

பாயிண்டுக்கு வழி இருக்கு. மண் போக நல்லாக் கழுவின கிழங்கு அஞ்சு கிலோ எடுங்க. வலைப்பையில போட்டு, கொக்கித் தராசுல தொங்க விட்டு எடை பாருங்க. அப்புறம் அதே பை தண்ணித் தொட்டிக்குள்ள முழுசா முங்கி, அடியிலயும் ஓரத்துலயும் படாம தொங்கட்டும், அந்த எடையையும் எழுதுங்க. வெறும் வலைப்பையோட எடையை ரெண்டு தடவையும் கழிச்சுடுங்க. வெளி எடையை, ரெண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்தா கிழங்கோட அடர்த்தி வரும். அடர்த்தி கூடக் கூட மாவுச்சத்து கூட. ஒவ்வொரு லோடுக்கும் போறதுக்கு முன்னாடி இதை எழுதி வெச்சு, ஆலை சொன்ன பாயிண்டைப் பக்கத்துல எழுதிட்டு வரச் சொல்லுங்க அப்பாவை. ஒரு பருவத்துக்கு எழுதினா எந்த லோடுல அடர்த்தி ஏறியும் பாயிண்ட் ஏறலைன்னு தெரிஞ்சுடும். பக்கத்துக் காட்டுக்காரங்களையும் எழுதச் சொல்லுங்க, ஒருத்தர் நோட்டைவிட பத்துப் பேர் நோட்டுக்கு ஆலையில மரியாதை உண்டு. எழுதினதைப் படம் எடுத்து இந்தத் திரியிலயே போடுங்க, உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தரேன்.